பூட்டிய வீட்டைத் திறந்ததும்... வாசகர் கேள்வி – பதில்

கே: குடும்பத்தோடு மூன்று வாரம் விடுமுறைக்குப் போய்த் திரும்பினோம். கதவைத் திறந்தால் வீடெல்லாம் சாக்கடை வாடை. குழாய் எங்கும் ஒழுகவில்லை. பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அது சாக்கடை வாடைதானா, சமையல் எரிவாயு வாடையா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எரிவாயு என்று சந்தேகம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். போன் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

சாக்கடை வாடைதான் என்றால் காரணம் பெரும்பாலும் ‘ட்ராப்’ வற்றியிருப்பதுதான். சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை என்று எல்லா வடிகாலுக்கும் அடியில் ஒரு வளைவு உண்டு. அதில் நிற்கும் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. புழக்கம் நின்றால் அது ஆவியாகிவிடும். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் துளை, அதிகம் பயன்படுத்தாத கழிப்பறை, பால்கனி வடிகால் ஆகியவற்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கிவிடும். ஒரு இடத்தில் மட்டும் மறுநாளே திரும்ப வந்தால் அங்கே விரிசல் இருக்கலாம். அப்போது பிளம்பரைக் கூப்பிடுங்கள். நறுமண ஸ்பிரே வாங்குவது வீண் செலவு.

அடுத்த முறை கிளம்பும்போது, கடைசியாகத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் ஏடாக மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

கே: வந்த களைப்புக்கு உடனே ஷவரில் குளிக்கலாமா? தேங்கிய தண்ணீர் ஆபத்து என்கிறார்களே?

ப: கொஞ்சம் பொறுத்துக் குளியுங்கள். குழாயிலும் தொட்டியிலும் அசையாமல் நிற்கும் தண்ணீரில், ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகக்கூடும். 1976-இல் பிலடெல்பியாவில் ‘அமெரிக்க லீஜன்’ என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவிலிருந்து வந்த பெயர் இது. இந்தக் கிருமி பெரும்பாலும் நுண்ணிய நீர்த்துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றுகிறது. அதனால்தான் குழாயைவிட ஷவரில் கவனம் வேண்டும் என்கிறோம்.

ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அல்லது ஒரு துணிப்பையால் சுற்றிக் கட்டிவிட்டு, தெறிக்காதபடி சில நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டுத் தண்ணீரையும் ஓட விட வேண்டும். அந்தச் சூடு தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் குழந்தைகள் அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. சமையலறைக் குழாயையும் தண்ணீர் தெளிந்து, குளிர்ச்சியாக வரும்வரை ஓட விட்ட பிறகே குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். முதலில் வரும் தண்ணீர் கழிப்பறைக்கு ஆகும், வாளியில் பிடித்து வையுங்கள்.

கே: நாங்கள் இல்லாதபோது மின்சாரம் போயிருந்ததா என்று தெரியவில்லை. ஃப்ரீசரில் எல்லாம் உறைந்துதான் இருக்கிறது. நம்பலாமா?

ப: உறைந்திருப்பதை மட்டும் வைத்து நம்ப முடியாது. உருகி, கெட்டு, மறுபடி உறைந்திருக்கலாம். பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா, அடித்தட்டில் சாறு வழிந்து உறைந்திருக்கிறதா, ஐஸ் கட்டிகள் வடிவம் இழந்து ஒரே பாளமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் இறைச்சி, மீன், பால் பொருட்கள், சமைத்தவை எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ருசி பார்த்துச் சோதிக்கவே கூடாது. நோய் தரும் கிருமிகள் எல்லாமே வாடையையோ சுவையையோ மாற்றுவதில்லை.

கதவைத் திறக்காவிட்டால் நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். உறைய வைக்காத ஃப்ரிட்ஜ் பகுதி தாங்குவது 4 மணி நேரம்தான். இனிமேல் கிளம்பும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால் முழுவதும் உருகியிருக்கிறது என்று அர்த்தம்.

கே: விடுதியில் மூட்டைப்பூச்சி இருந்ததோ என்று சந்தேகம். பெட்டிகளை வெயிலில் வைத்தால் போதுமா?

ப: போதாது. பூச்சி நிழலான மடிப்புக்குள் நகர்ந்து தப்பித்துவிடும். பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் குளியலறைத் தரையில் திறந்து, தையல் ஓரங்களில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணிகளை, உடுத்தாதவை உட்பட, 60 டிகிரி தண்ணீரில் துவையுங்கள். அல்லது டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள். துவைக்க முடியாத பொம்மை, செருப்பு போன்றவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். முட்டை பொரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், இரண்டு மூன்று வாரம் மெத்தை ஓரங்களையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கே: தொட்டிச் செடிகள் வாடிவிட்டன. தண்ணீர் ஊற்றினால் அப்படியே அடியில் ஓடிவிடுகிறது.

ப: காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கிவிடுகிறது. தொட்டியைத் தண்ணீர் நிறைந்த டப்பில் அரை மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். சில நாள் நிழலில் இருக்கட்டும். இப்போது உரம் போட்டால் வேர் கருகும். தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும்.

கே: ஒரு வருடமாகத் தினமும் நாட்குறிப்பு எழுதினேன். விடுமுறையில் விட்டுப்போனது. விட்ட பக்கங்களை எழுதி நிரப்புவதா? இதுவரை எழுதியதில் முன்னேற்றம் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: நிரப்ப உட்காராதீர்கள், அது கடனாகி, நாட்குறிப்பையே மூட வைத்துவிடும். நாளுக்கு ஒரு வரி போதும். போட்டோக்களின் நேரத்தையும் பயணச் சீட்டுகளையும் வைத்து எழுதி, ‘பிறகு எழுதியது’ என்று குறித்துவிடுங்கள். வேறு நேர மண்டலத்துக்குப் போயிருந்தால், தனிக் கேமரா பெரும்பாலும் வீட்டு நேரத்தையே காட்டும், போன் உள்ளூர் நேரத்தைக் காட்டும். இரண்டையும் கலக்கும் முன் கேமரா படங்களின் நேரத்தை மொத்தமாகத் திருத்துங்கள், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாடு காலையில் வந்து நிற்கும்.

முன்னேற்றத்தைப் பக்க எண்ணிக்கையால் அளப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. முதல் மாதத்திலிருந்து ஐந்து பக்கம், கடைசி மாதத்திலிருந்து ஐந்து பக்கம் எடுத்துப் படியுங்கள். கண்டது, கேட்டது, யாரோ சொன்னது என்று திட்டவட்டமாக உள்ள வரிகளின் கீழ் கோடு போடுங்கள். ‘நல்ல நாள்’, ‘ஒரே களைப்பு’ போன்றவற்றை விட்டுவிடுங்கள். கோடு எங்கே அதிகம் என்பதே பதில். மறுபடி தொடங்கும் முதல் வாரம், நாளுக்கு ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டாம்.