வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

கோயம்புத்தூரிலிருந்து லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது, இயர் ஒன் (ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கும் மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஸ்பீச் தெரபிக்கு அனுப்பலாமா என்று பள்ளியில் கேட்கிறார்கள், வீட்டில் தமிழை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். நான் விட்டுப் பார்த்தவள்.

நாங்கள் லண்டன் ஹாரோவுக்கு வந்து 14 வருடம். பெரியவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அவன் டீச்சர், நல்ல மனசோடுதான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார். எட்டு மாதம் அப்படியே செய்தோம், என் அரைகுறை ஆங்கிலத்தில் அவனைக் கொஞ்சவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அவன் ஆங்கிலம் கூடவில்லை, பாட்டியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தமிழும் போனது.

முதலில் இதைச் சொல்லுங்கள், உங்கள் பையன் தமிழில் எப்படி? புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளைகள் சில மாதம் பேசாமல் இருப்பது சகஜம். வீட்டில் தமிழில் வாயாடுகிறான், ஸ்கூலில் நடந்ததைக் கோவையாகச் சொல்கிறான் என்றால் பெரும்பாலும் அவனுக்கு வேண்டியது நேரம்தான். தமிழிலும் தடுமாறினால்தான் டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸார்டரா (சுருக்கமாக டி.எல்.டி, பேசுவதிலும் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் சிறு வயதிலிருந்தே தொடரும் சிக்கல்) என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். இரண்டு மொழி பேசுவதால் அது வருவதில்லை.

என் பெரியவனுக்கு இருந்தது அதுதான். கத்தியைக் கேட்க "அது... அந்த... வெட்டுறது" என்பான். "ஷூ போட்டுக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு, வாசல்ல நில்லு" என்றால் வாசலில் போய் நிற்பான், ஷூவும் இருக்காது, பையும் இருக்காது. சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறானே என்று அடித்தும் இருக்கிறேன், இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. நான் சொன்னதில் அவனிடம் தங்கியது கடைசித் துண்டு மட்டும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இது அறிவுக் குறைவு இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. 2016-ல் வெளியான சர்ரே பள்ளிகளின் ஆய்வு ஒன்றில், வேறு காரணம் எதுவும் இல்லாமல் மொழியில் மட்டும் சிக்கல் உள்ள பிள்ளைகள் சுமார் 7.5 சதவீதம், அதாவது 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். டி.எல்.டி என்ற பெயரே 2017 வாக்கில், ஆக்ஸ்ஃபோர்டின் டோரதி பிஷப் முன்னின்று நடத்திய நிபுணர் குழு கூடிப் பேசி ஏற்றுக்கொண்டதுதான். அதனால் ஊரில் டாக்டரிடம் கேட்டால் எஸ்.எல்.ஐ (ஸ்பெசிஃபிக் லாங்குவேஜ் இம்பேர்மென்ட்) என்ற பழைய பெயரைச் சொல்லலாம்.

படிப்பில் இது ஒளிந்துகொண்டு வரும். என் மகன் இயர் ஒன் முடிவில் வைக்கிற 40 வார்த்தை ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து வாசிக்கும்) தேர்வில் பாஸ், எழுத்துக்கூட்டி கடகடவென்று வாசிப்பான், வாசித்தது என்ன கதை என்றால் முழிப்பான். 7-ல் 4 போனால் மூன்று என்று பட்டென்று சொல்வான், அதையே மிட்டாய்க் கணக்காக வாக்கியத்தில் கொடுத்தால் 7-ஐயும் 4-ஐயும் கூட்டிவிடுவான். கணக்கில் வீக் என்றே இரண்டு வருடம் ஓடியது.

சரி, செய்ய வேண்டியது. முதலில் காது டெஸ்ட், காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் பேச்சு பின்தங்கும். பள்ளியில் சென்கோ என்று, சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரிடம் எழுத்தில் கேளுங்கள். என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க க்யூ நீளம், ஆனால் வகுப்பில் உதவி தொடங்க அந்த முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அது போதவில்லை என்றால் ஈ.எச்.சி.பி-க்கு (பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று சட்டப்படி எழுதித் தரும் திட்டம்) கவுன்சிலிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம், மதிப்பீடு செய்வதா என்று ஆறு வாரத்தில் சொல்ல வேண்டும், எல்லாம் முடிய 20 வாரம் என்பது சட்டம், நடப்பில் இழுக்கும். விசாவுக்கு இடைஞ்சல் வருமோ என்று பலர் தயங்குகிறார்கள். பள்ளிக் கல்வி, விசாவில் வாங்கக்கூடாது என்று சொல்லும் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவிகள்) கணக்கில் வராது, பயப்படாதீர்கள்.

அப்பாயின்ட்மென்டுக்குத் தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் அவன் ஏழு மாத ஆங்கிலத்தைத்தான் அளப்பார்கள். அதுவரை அவன் தமிழில் பேசுவதை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள், அம்மாச்சியிடம் கதை சொல்வது, தம்பியோடு சண்டை போடுவது, எதுவானாலும். "நாய் வந்தாங்க", "நான் போனான்" என்று விகுதி மாறி வருகிறதா என்று கவனித்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். காது டெஸ்ட் ஆகிவிட்டதா?