ஹப்புத்தளையில் இறங்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். ஒஹியவிலிருந்து கொஸ்லந்தை வரையான மலைவிளிம்பில் பல வருடமாக ஆட்களை நடக்கக் கூட்டிப் போகிறேன். எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் போகிற கூட்டம் எங்கள் மலையைக் கோச்சி (ரயில்) ஜன்னலால் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறது. இங்கே இறங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கு, நுவரெலியாவில் வாவி இருக்கு. ஹப்புத்தளையில் என்ன அண்ணா இருக்கு?

விளிம்பு இருக்கு தம்பி. மத்திய மலைநாடு தெற்கே இந்த இடத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. ஊர் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. கடைத்தெருவைத் தாண்டி நின்றால் காலடியிலேயே நிலம் சரிந்து, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த காலையில் தெற்குக் கடல் ஒரு கோடாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு முந்திய நிலையம், இதல்கஸ்ஹின்ன. அங்கே மலை முதுகு ஒடுங்கி, தண்டவாளத்துக்கு மட்டும் இடம் விட்டதுபோல் இருக்கும். ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்குச் சரிவு. ஓர் ஆடி மாதக் காலையில் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கிலிருந்து பனிமூட்டம் சரிவைத் தடவிக்கொண்டு ஏறி வந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் கரைந்து காணாமல் போனது. இந்தப் பக்கத்துப் பன்னைச் செடிகளில் நீர் சொட்டுகிறது, அந்தப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் புழுதி. இரண்டுக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. லிப்டன் சீட் என்ற பேர்போன காட்சி மேட்டைவிட இந்த மேடைக்குத்தான் நான் முதலில் கூட்டிப் போவேன்.

மட்டக்களப்பிலிருந்து ஓர் அக்கா: எந்த மாதம் வரலாம்?

அக்கா, உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் காற்று எங்கள் மலையைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் காய்ந்து இறங்கும். அதனால் ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும்போது எங்கள் பக்கம் காற்றும் வெயிலுமாக இருக்கும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை அந்தக் காய்ந்த காற்றில் கொழுந்து மெல்லத்தான் வளரும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் அப்போதுதான் ஏறுகிறது. அந்த மாதங்களில் தொழிற்சாலை வாசலில் நின்றாலே மூக்குக்குத் தெரியும்.

தூரக் காட்சி வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். எந்த மாதமானாலும் ராத்திரிக்கு சுவெட்டர் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை: பிள்ளைகளோடு வர ஆசை. மண்சரிவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது டீச்சர். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கி, மலையகப் பாதையின் தண்டவாளத்தையும் உடைத்துப் போட்டது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிள்ளைகளோடு வரவேண்டாம் என்பதே என் பதில். மற்ற மாதங்களிலும் புறப்பட முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை உண்டு. பதுளை மாவட்டத்துக்கு செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கோச்சி எதுவரை ஓடுகிறது என்பதையும் நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நீங்கள் இரண்டு நாளில் திரும்பிப் போய்விடுவீர்கள். அந்தச் சரிவுக்குக் கீழேயே படுத்து எழும்புகிற சனம் எங்களுடையது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

டொரொன்டோவிலிருந்து ஒருவர்: கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கலாமா? காசு கேட்பார்களா?

முதலில் பேசுங்கள். நீங்கள் தமிழில் பேசுகிறவர், வேறு யாருக்கும் இல்லாத வசதி அது. "அக்கா, எந்த டிவிஷன்?" என்று, தோட்டத்தின் எந்தப் பிரிவு என, கேட்டால் முகமே மாறும். அவர்கள் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் நிறுத்தி வைக்கிற ஐந்து நிமிடம் அவர்கள் கூடையில் குறையும். ஆகவே கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் போங்கள். கூடையை இறக்கி, இடுப்புப் படங்கைத் தளர்த்திவிட்டு நிற்பார்கள், பேச ஆளும் கிடைக்கும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கமெராவை உள்ளே வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ரோட்டில் நின்று இனிப்பு, காசு கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாகனத்துக்குப் பின்னால் ஓடப் பழகியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து: நல்ல நடை ஒன்று சொல்லுங்கள்.

ஒஹியவில் இறங்கி, உடவேரியத் தோட்டம் வழியாகக் கலுபஹனப் பக்கம் இறங்குவது. ஒரு முழு நாள் வேண்டும், முழங்கால் உறுதியாக இருக்க வேண்டும். முடிகிற இடத்தில் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது. வெயில் மாதங்களில் நூலாக மெலிந்துவிடும். காட்டுப் பகுதியில் அட்டை கடிக்கும், காலுறைக்கு மேல் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: எங்கள் அப்பாயி ஹப்புத்தளைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தாவோடு இந்தியா வந்தார். அவர் லயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் தங்கச்சி. இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, டிவிஷன் பெயர் வேண்டும். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பழைய கடிதங்களின் முகவரி எதையும் விடாதே. காகிதம் இல்லையென்றால் அப்பாயி சொன்ன கதைகளை எழுதிக்கொண்டு வா: கோயில் எந்தச் சாமிக்கு, பின்னால் பாறை இருந்ததா, லயத்தில் எத்தனை காம்பரா (அறை), தண்ணீர்ப் பீலிக்கு மேலே ஏறினார்களா கீழே இறங்கினார்களா.

மூன்று வருடத்துக்கு முன் கூடலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பத்து வயதில் போனவர். கையில் இருந்தது ஒரு டிவிஷன் பெயரும், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துப் பீலி என்ற ஞாபகமும்தான். கூரை மாறியிருந்தது, வாசலில் சிமெந்து போட்டிருந்தார்கள், அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னார். கிழவி ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். பீலி அங்கேயே இருந்தது, துணி துவைக்கிற கல் நடுவில் தேய்ந்து குழிந்து போயிருந்தது. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்தார். அன்றைக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத்தண்ணியும் நாலு வீட்டிலிருந்து வந்தன. டிவிஷன் பெயரோடு வா, நான் கூட வருகிறேன்.

குருநாகலிலிருந்து: எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது.

முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள். விடியமுன் முச்சக்கரவண்டியில் லிப்டன் சீட் ஏறுங்கள், பத்து மணிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் பனிமூட்டம்தான் பார்ப்பீர்கள். திரும்பும்போது தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை நடந்தே இறங்குங்கள். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது அது. அங்கிருந்து ஊருக்கு பஸ் இருக்கிறது. ஜன்னலோரம் இடம் பிடியுங்கள்.