4,256 ஹிட் அடித்தவருக்கு மாலை போடலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் ஓஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். பள்ளியில் ஒரு விவாதத்துக்கு 'பீட் ரோஸை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க வேண்டுமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூடம் அது; ரோஸ், மேனேஜராக இருந்தபோது தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டித் தடை வாங்கிய பெரிய வீரர். சேர்க்க வேண்டும் என்கிறான் மகன். 'ஆட்டத்துக்குத்தானே மரியாதை, அவரை என்ன மாப்பிள்ளையா எடுக்கப் போறோம்?' என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரோ, 'ஒழுக்கம் இல்லாதவனுக்கு எதுக்குய்யா கௌரவம்?' என்று கோபப்படுகிறார். தினமும் சாப்பிடும் நேரத்தில் இதே பேச்சு. 'நீ சொல்லும்மா' என்று மகன் என்னைக் கேட்கிறான். ரோஸைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பெண் சம்பந்தப்பட்ட செய்தியும் கண்ணில் பட்டது. அதை அவனிடம் சொல்லலாமா? குணத்தைப் பார்த்துத்தான் கௌரவிக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓஹாயோ

பதில்:

அன்புத் தங்கைக்கு,

குணத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மாமனார் சொல்கிற மாதிரி இல்லை. ஒருவருடைய முழு வாழ்க்கையையும் எடை போட்டு நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுத யாராலும் ஆகாது. நான் இரண்டே விஷயங்களைத்தான் பார்ப்பேன். தன்னை வாழவைத்த ஆட்டத்துக்கு அவர் துரோகம் செய்தாரா? தனக்குக் கிடைத்த பேரையும் செல்வாக்கையும் வைத்து இன்னொருவரின் வாழ்க்கையைக் கெடுத்தாரா? கோபக்காரர், தற்பெருமைக்காரர், நமக்குப் பிடிக்காத அரசியல் பேசுகிறவர் என்பதையெல்லாம் விட்டுவிடுவேன். கர்ட் ஷில்லிங் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) 2021இல் வெறும் 16 ஓட்டில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வைத் தவறவிட்டார். அவருடைய சமூக ஊடகப் பதிவுகளைக் காரணம் காட்டிப் பலர் ஓட்டு மறுத்தார்கள். அந்தப் பதிவுகள் எனக்கும் அருவருப்பானவைதான். இருந்தாலும் ஓட்டை மறுக்க அது போதாது.

உங்கள் கணவரின் கட்சிக்கும் ஒரு வீடு இருக்கிறது, அதுவும் உங்கள் மாநிலத்திலேயே. ஓஹாயோவின் கேன்டன் நகரத்தில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் மைதானத்தில் ஆடியதை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கே ஓ.ஜே.சிம்ப்சன் என்ற கால்பந்து வீரர் 1985இல் சேர்க்கப்பட்டார். 1995இல் இரட்டைக் கொலை வழக்கில் விடுதலையானார். 1997இல் சிவில் நீதிமன்றம் அந்த மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்றது. 2008இல் ஆயுதக் கொள்ளை வழக்கில் குற்றவாளியானார். அவருடைய மார்பளவுச் சிலை இன்றும் அங்கேயே இருக்கிறது. விதி தெளிவாக இருப்பதால் அங்கே யாரும் தடுமாறுவதில்லை. அப்படித் தடுமாறாமல் இருப்பதை நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பேஸ்பாலின் விதி வேறு. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்த ஹால் ஆஃப் ஃபேம். பத்து வருஷத்துக்குக் குறையாமல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் இருந்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நூற்றுக்கு 75 பேர் ஒப்புக்கொண்டால்தான் ஒருவருடைய பெயர் ஏறும். எதைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும் என்று விதியே சொல்கிறது: ஆட்டச் சாதனை, திறமை, நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம், அணிக்குச் செய்த பங்களிப்பு. 1940களின் நடுவிலிருந்து இப்படித்தான். ஆறில் மூன்று, மனுஷன் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றியது. ஆகவே கூப்பர்ஸ்டவுனைப் பொறுத்தவரை 'ஆட்டத்துக்குத்தானே மரியாதை' என்ற வாதம் விதிப்படியே நிற்காது என்று கணவரிடம் சொல்லுங்கள்.

இனி ரோஸ். உங்கள் ஊர்க்காரர். 24 சீசன் ஆடி 4,256 ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்து அத்தனை முறை பத்திரமாக பேஸ் சேர்ந்தார். இன்று வரை யாரும் அதைத் தாண்டவில்லை. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவுக்கே அவர் பெயர், வாசலில் சிலை. 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோது உங்கள் ஊர் அழுததைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஊரில் வளரும் பையன் அவருக்காக வாதாடுவது இயல்புதான். அதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் மகன் சொல்லப்போகும் ஒரு வாதம் எனக்கு இப்போதே தெரியும்: 'தன் டீம் ஜெயிக்கும்னுதானே பெட் கட்டினார், தோற்கணும்னு கட்டலையே!' பாதி அமெரிக்கா இதைத்தான் சொல்கிறது. இதை அவனோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். ரோஸ் அப்போது சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேனேஜர். எந்த பிட்சரை எத்தனை நேரம் வீச வைப்பது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்பதெல்லாம் அவர் கையில். பணம் கட்டிய நாளில், தோள்பட்டை வலிக்கும் பையனையும் இன்னொரு இன்னிங்ஸ் வீசச் சொல்லத் தோன்றும். கட்டாத நாளில் அதே பையனுக்கு ஓய்வு கிடைக்கும். அவர் கட்டாத நாளைப் பார்த்தாலே பந்தயப் பணம் வாங்கும் புக்கிக்குச் செய்தி போய்விடும்: இன்று மேனேஜருக்கே நம்பிக்கை இல்லை. கடன் ஏறிவிட்டாலோ கேட்கவே வேண்டாம், கடன் கொடுத்தவன் எதையும் கேட்பான். அந்த பிட்சரின் கைக்கு யார் பதில் சொல்வது? ஜெயிக்கக் கட்டினாலும் துரோகம் துரோகம்தான்.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர்மீது, சூதாடிகளிடம் பணம் வாங்கி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை 1919இல் தோற்றார்கள் என்று வழக்கு வந்தது. 1921இல் நீதிமன்றம் விட்டுவிட்டது, பேஸ்பால் விடவில்லை. எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை. பின்னாளில் ஒவ்வொரு அணியின் உடை மாற்றும் அறையிலும் பந்தய விதியைச் சுவரில் ஒட்டி வைப்பது வழக்கமாயிற்று. தன் பொறுப்பில் இருக்கும் ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை. வீரராக இருந்த காலமெல்லாம் ரோஸ் கடந்துபோன சுவர் அது. 1989இல் பிடிபட்டு, அதே நிரந்தரத் தடைக்கு ஆளானார். அதன்பின் பதினைந்து வருஷம் கட்டவே இல்லை என்று சாதித்தார். 2004இல், தன் புத்தகம் விற்பனைக்கு வந்த நேரத்தில்தான் ஒப்புக்கொண்டார்.

இதை இன்று பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து உங்கள் மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி சரி. ஆட்டத்துக்கு நடுநடுவே பந்தயச் செயலிகளின் விளம்பரம் வருவதை உங்கள் மகன் தினமும் பார்க்கிறான். பந்தய நிறுவனங்களிடம் பணம் வாங்கும் அதே பேஸ்பால் லீக், 2024இல் டுகுபிடா மார்கானோ என்ற இளம் வீரருக்குப் பந்தயம் கட்டியதற்காக ஆயுள் தடை விதித்தது. தடை சரி. விளம்பரம் தவறு. விவாதம் முடிந்த பிறகும் அவன் கூட இருக்கப்போகும் பிரச்சினை இது, தங்கை.

உங்கள் மகன் இன்னொன்றும் கேட்பான். 'உள்ளே இருக்கிறவர்கள் மட்டும் யோக்கியமா?' கேட்க வேண்டும், அது நியாயமான கேள்வி. அவனுக்கு நான் ஆயுதமே எடுத்துக் கொடுக்கிறேன். ஒயிட் சாக்ஸ் வீரர்களைத் தடை செய்தவர், பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் கெனசா மவுன்டன் லேண்டிஸ். 1920 முதல் 1944 வரை அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க, ஒரு கறுப்பின வீரர்கூட மேஜர் லீக் என்ற உச்சப் போட்டியில் ஆட முடியவில்லை. ஜாக்கி ராபின்சன் வருவதற்கு 1947 ஆனது. லேண்டிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதலாளி டாம் யாக்கி. மற்ற எல்லா அணிகளும் கறுப்பின வீரர்களை எடுத்த பிறகு, 1959இல்தான் அவருடைய அணி முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது. அவரும் உள்ளே. ஊக்கமருந்து கரைபுரண்ட காலத்தில் கமிஷனராக இருந்த பட் செலிக் 2017இல் உள்ளே போனார். அதே காலத்தில் 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ் பத்து வருஷம் ஓட்டுச்சீட்டில் காத்திருந்து, 2022இல் 66 சதவீதத்தோடு வெளியே நின்றார்.

எனக்கு மனசு கொதிப்பது இங்கேதான். குணம் என்ற அளவுகோலை மட்டையைப் பிடித்தவர்கள்மீது மட்டும் வைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்மீது வைப்பதே இல்லை. ஆனால் இதிலிருந்து 'அப்படியென்றால் எல்லோரையும் விட்டுவிடுங்கள்' என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். அளவுகோலை நாற்காலிக்காரர்களிடமும் கொண்டுபோக வேண்டும். பாண்ட்ஸ் விஷயத்திலும் என் ஓட்டு 'இல்லை' என்றுதான் இருக்கும். ஊசி போடாமல், ஆட்டம் குறைந்து, வேலை போய் ஊர் திரும்பிய வீரர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களுக்காக யாராவது பேச வேண்டாமா?

இப்போது நீங்கள் தயங்கிக் கேட்ட விஷயம். 2017இல் ஒரு நீதிமன்ற வழக்கில் ஒரு பெண் சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்தார். 1970களில், தனக்குப் பதினாறு வயது ஆகும் முன்பே ரோஸ் தன்னோடு பாலியல் உறவு கொண்டார் என்பது அவர் சொன்னது. ரோஸ் அப்போது முப்பதுகளில் இருந்தவர், திருமணமானவர், பிள்ளை பெற்றவர். உறவு இருந்ததை மறுக்கவில்லை. அவளுக்குப் பதினாறு என்று நினைத்தேன் என்றார். வழக்கு எதுவும் அதன்பேரில் நடக்கவில்லை. பிலடெல்பியா அணி அவருக்கு நடத்த இருந்த கௌரவிப்பை ரத்து செய்தது. அவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு வருஷ விவாதத்தில் பந்தயத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர், அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? பந்தயம் கட்டியது மன்னிக்கக்கூடியதா என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்தச் சிறுமியின் பேச்சு வந்தால் 'அந்தக் காலம் அப்படி' என்று நகர்ந்துவிடுகிறார்கள். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ரோஸே ஒப்புக்கொண்ட அளவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அவருக்கு விழா எடுத்துக் கைதட்ட என் கை எழாது.

மகனிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பையன், அந்தச் சிறுமியின் வயதையே நெருங்கியவன். இணையத்தில் அவனாகவே படித்து, பின்னூட்டக்காரர்களின் கேலியோடு சேர்த்து விழுங்குவதைவிட உங்களிடம் கேட்பது நல்லது. முடிந்தால் கணவரும் கூட இருக்கட்டும். இதைப் பேசுவது அம்மாவின் வேலை மட்டும் என்று பையன் நினைத்துவிடக் கூடாது.

கௌரவிக்கவில்லை என்றால் சாதனை அழிந்துவிடாது என்பதையும் அவனுக்கு விளக்குங்கள். கூப்பர்ஸ்டவுனில் இருப்பது ஒரே கூரையின் கீழ் இரண்டு. ஒன்று அருங்காட்சியகம், ரோஸின் மட்டையும் சாதனையும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். மற்றது வெண்கலப் பலகைகள் பதித்த கூடம். அதில் இடம் யாருக்கும் உரிமை கிடையாது. கொடுப்பவர்கள் விரும்பிக் கொடுப்பது. ஆகவே மறுப்பது தண்டனையும் ஆகாது.

குணம் ஒருவரை உள்ளே கொண்டுவந்த கதையையும் அவன் படிக்கட்டும். ராபர்ட்டோ கிளெமென்டே, போர்ட்டோ ரிக்கோக்காரர், சரியாக 3,000 ஹிட். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானத்தில் தானே கிளம்பினார். விமானம் கடலில் விழுந்தது. ஓய்வுக்குப்பின் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973இலேயே அவரைச் சேர்த்தார்கள்.

2025 மே மாதம், ஆயுள் தடை ஆயுளோடு முடிந்தது என்று கமிஷனர் அறிவித்ததால் ரோஸுக்கு வழி திறந்திருக்கிறது. பழைய காலத்து வீரர்களைப் பரிசீலிக்கும் 16 பேர் குழு அடுத்து 2027 டிசம்பரில் கூடும். 12 ஓட்டு வேண்டும். ஆக, உங்கள் மகன் பேசப்போவது முடிந்துபோன கதை இல்லை. 'சேர்க்க வேண்டும்' என்றே அவன் பேசட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அந்த பிட்சரின் தோளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தன் பேச்சில் பதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மேடைக்கு முன்னால் தாத்தாவிடம் வாசித்துக் காட்டட்டும். குறுக்கே பேசாமல் கேட்கும்படி மாமாவிடம் நீங்களே சொல்லி வையுங்கள்.