பழைய புடவையில் கைத்தையல் வேலைப்பாடு: கேள்வி–பதில்

கே: அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பு வாட்டத்தில் விண்டுபோகிறது. மேலே ஆரி ஒர்க் செய்து மறைக்கலாமா?

வேண்டாம். ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். நைந்த பட்டு கட்டும்போதே கிழியும். அதில் தப்பினாலும், கொக்கி ஊசி போடும் ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து, தையல் போன வழியிலேயே பிளக்கும். முத்து, ஜம்கி வைத்தால் கனம் வேறு.

முதலில் கொசுவப் பகுதியை இரு கைகளாலும் பிடித்து, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை விலகினாலோ, காகிதம் போலச் சரசரத்தாலோ உடல் பகுதியை மறந்துவிடுங்கள். பார்டரும் முந்தியும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். அவற்றைப் புதுப் பட்டுக்கு மாற்றலாம்.

பார்டரோடு உடல் துணி 1 செ.மீ. ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். ஜரிகை ஓரத்திலேயே வெட்டினால் இழை பிரியும். அந்த 1 செ.மீட்டரை உள்ளே மடித்து, புதுத் துணியில் இழையோட்டி (பிறகு பிரித்துவிடும்படி தளர்வாகத் தைத்து) நிறுத்தி, பிறகு மறைதையல் போடுங்கள். இணைப்பை மறைக்க ஒரு வரிசை சங்கிலித் தையல் போதும். அதைப் புதுத் துணியில், பார்டரை ஒட்டினாற்போலப் போடுங்கள். ஜரிகையின் நடுவே குத்தினால் சரடு அறுந்து முள்ளாக நீட்டும். தைத்த பிறகு தண்ணீரில் போடக் கூடாது. பழையதும் புதியதும் வேறுவேறு அளவில் சுருங்கும். டிரை வாஷ் மட்டும்.

கே: துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவைகள் நான்கு இருக்கின்றன. எறிய மனமில்லை.

காந்தா வேலைக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி ஓட்டுத்தையல் போட்டார்கள். மிகவும் நைந்ததை நடுவில் வையுங்கள். கெட்டியானது மேலும் கீழும் வரட்டும். ஒரு சாண் இடைவெளியில் இழையோட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் அடுக்குகள் நகர்ந்து நடுவில் உப்பிக்கொள்ளும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை, தையல் நீளம் 3–4 மி.மீ. நூலை இறுக்கி இழுக்காதீர்கள். லேசான அலைச் சுருக்கம் வரும். காந்தாவின் அழகே அதுதான்.

கே: வெளிர் நிறப் புடவையில் சிவப்பு நூல் சாயம் இறங்குமா?

ஈரமான வெள்ளைத் துணிக்குள் நூலை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பட்டால், தண்ணீர் தெளியும்வரை நூலை அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் அந்த நூலே வேண்டாம். பருத்தி நூலுக்கு உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பதை நம்பிப் புடவையைப் பணயம் வைக்காதீர்கள்.

கே: வழவழப்பான பட்டில் கசூதி போட முடியவில்லை, கோணிப்போகிறது.

வட கர்நாடகத்துக் கசூதி, இழையை எண்ணிப் போடும் வேலை. இழை கண்ணுக்குத் தெரியாத துணியில் எண்ண முடியாது. கட்டம் தெரியும் வலைத்துணியை மேலே இழையோட்டி, அதை எண்ணித் தையுங்கள். முடிந்ததும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம். ஊசி வலையின் கண்ணுக்குள்தான் இறங்கவேண்டும். இழையைக் குத்தினால் உருவ வராது. கசூதியின் ஒரு வகையான கவந்தி தையலில் இருபுறமும் ஒரே வடிவம் தெரியும் என்பதால் முடிச்சும் போடக் கூடாது; நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டிவிடுங்கள்.