குடிக்காதவரைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினின் வெள்ளை ஒயின் பகுதிக்குப் போவது வீணா?

செப்டம்பரில் நீங்களும் மனைவியும் ஸ்பெயின் போகிறீர்கள், வெள்ளை ஒயின் விளையும் பக்கம் மூன்று நான்கு நாள் சுற்ற உங்களுக்கு ஆசை, ஆனால் அவர் மதுவைத் தொடவே மாட்டார், எங்கே தங்குவது, அவருக்குப் போரடிக்குமா என்பது கேள்வி. இதற்கு ஒருவர் “அவங்களை ஷாப்பிங் அனுப்பிட்டு நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துத்தான் சுருக்கென்றது. இல்லாவிட்டால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

ஏனென்றால் நான் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது என் அப்பாவை. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவர்.

முதலில் இடம். ஸ்பெயின் ஒயின் என்றதும் ரியோஹா என்பார்கள். அது பெரும்பாலும் சிவப்பு, அதை விடுங்கள். நீங்கள் பார்சிலோனாவிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் பெனெதெஸ் இருக்கிறது, ரயிலில் போய் அன்றே திரும்பலாம். மாட்ரிட்டில் இருந்தால் வயாதோலிட் பக்கம் ருவேதா, அங்கே வெர்தேஹோ திராட்சை. வறண்ட மேட்டுநிலம், எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. என்னைக் கேட்டால் வடமேற்கு மூலையில் கலிசியா, அதில் ரியாஸ் பைஷாஸ். அல்பரீன்யோ என்ற திராட்சையின் ஊர். 1988இல் தனி ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது. அதற்குள் ஐந்து உட்பகுதிகள் உண்டு; ஐந்தையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். கடலை ஒட்டிய சல்னேஸ் பள்ளத்தாக்கு ஒன்று போதும். கம்பாதோஸ் ஊரில் அறை எடுங்கள், அங்கேயே தங்கிவிடுங்கள். தினம் ஒரு ஊர் என்று பெட்டி தூக்குகிற பயணம் இந்தப் பகுதிக்கு ஒத்துவராது.

அங்கே போனால் கொடிகள் வேலி மாதிரி வரிசையாக நிற்காது. எல்லாம் பந்தல். கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி. வருஷத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற இடம், தரை ஈரத்திலிருந்து காயைத் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. காரை விட்டு இறங்கிய அப்பா தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, இது நம்ம கல்லுக்கால்தானே?” என்றார். பிறகு தூணுக்குத் தூண் எட்டு வைத்து இடைவெளி அளந்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நாங்கள் போனது ஒரு குடும்பம் நடத்தும் சின்ன பொதேகா, அதாவது ஒயின் ஆலை. சுற்றிக் காட்டிய பெண் மண், கடற்காற்று என்று ஆரம்பித்தார். அப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தூணில் படிந்திருந்த நீலக் கறையை நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டி, “துத்தம்” என்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய்க்கு எங்கள் தோட்டத்தில் அடிப்பதும் அதுதான். “கடைசியா என்னைக்கு அடிச்சாங்கன்னு கேளு.” கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உள்ளே போய்த் தாத்தாவைக் கூட்டி வந்தார்.

அதன் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. தாத்தா பையிலிருந்து கத்தரி எடுத்து ஒரு குச்சியை வெட்டி, கொடியைக் கழிக்கும் கவாத்தில் எத்தனை மொட்டுக் கண் விடுவார் என்று விரலில் காட்டினார். அப்பா அதே குச்சியில் தான் எங்கே வெட்டுவார் என்று காட்டினார். நடுநடுவே என் அரைகுறைப் போர்ச்சுகீசு (போர்ச்சுகலில் போர்ட்டோ நகரில் வேலை பார்ப்பதால் வந்தது, கலிசிய மொழி அதற்குப் பக்கத்து வீடு, அதனால் சமாளிக்க முடிந்தது). கம்பத்தில் வருஷத்துக்கு ரெண்டு மூன்று மகசூல் எடுக்கிறோம் என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. அவர்களுக்குக் குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும், செப்டம்பரில் ஒரே அறுப்பு. அப்பா ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்து, “தோல் தடிமன், விதை வேற. இதை நம்ம சந்தையில எவனும் வாங்க மாட்டான்” என்றார். நல்லவேளை, அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அப்புறம் சுவைக்கிற மேசை. நான் கார் ஓட்ட வேண்டும் என்பதால் வாயில் சுழற்றிவிட்டு, அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பினேன். “காசு குடுத்து வாங்கி, கொப்புளிச்சுத் துப்பவாடா இம்புட்டுத் தூரம் வந்தே?” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அந்த வீட்டார் அப்பொழுதுதான் பிழிந்த திராட்சைச் சாறு கொடுத்தார்கள். அறுப்புக் காலத்தில் போனால் இப்படி ஒரு வசதி. ஆனால் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள்.

இங்கே சிலர் கிளம்பி வருவார்கள், “குடியை ஊக்குவிக்கிறாயா” என்று. இல்லை சாமி. விவசாயம் பார்க்கப் போகச் சொல்கிறேன். இன்னொரு கோஷ்டி “அல்பரீன்யோவைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தெரியும்” என்று வரும். நான் நிபுணன் இல்லை. எலுமிச்சைத் தோல் வாசம், நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு, சிப்பி மீனோடு சேர்ந்தால் பிரமாதம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஈஸ்ட் வண்டலோடு பல மாதம் ஊறவைத்ததையும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள், கனமாக இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். அங்கே ஒவ்வொரு விவசாயியின் நிலமும் ஒழுங்குமுறைக் குழுவில் பதிவாகியிருக்கிறது. ஹெக்டேருக்கு 12,000 கிலோவுக்கு மேல் அல்பரீன்யோ எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. பொதேகா வாசலில் எடை போட்டு, சர்க்கரை அளவு பார்த்து, சீட்டு கையில் கொடுக்கிறார்கள். எங்களுக்கு? மேகம் கருத்தால் வியாபாரி விலையைக் குறைப்பான். எடை போட்டபின் கழிவு என்று ஒரு கணக்கு, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் அடுத்த முறை தோட்டத்துப் பக்கமே வரமாட்டான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். எங்கள் தோட்டத்துக்கு அதனால் ஒரு ரூபாய் கூடி வரவில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் மனைவி விவசாயக் குடும்பமா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றாலும் கவலை இல்லை. அர்மென்தேய்ரா மடத்திலிருந்து ஓடையை ஒட்டி இறங்கும் நடைபாதை ஒன்று இருக்கிறது, வழியெல்லாம் பழைய தண்ணீர் ஆலைகள், மர நிழல். ஓ குரோவே துறையிலிருந்து படகில் போனால் கடலில் மிதக்கும் மரத் தெப்பங்களைப் பார்க்கலாம். அவற்றிலிருந்து கயிறு தொங்கவிட்டு மஸ்ஸல் சிப்பி வளர்க்கிறார்கள், ஒரு தெப்பத்துக்கு 500 கயிறு வரை. படகிலேயே அவித்துத் தருவார்கள். கம்பாதோஸில் கூரை இல்லாத சாந்தா மரீன்யா தேவாலயம், உள்ளேயே கல்லறைகள்.

பாயோன் மாளிகையையும் விடாதீர்கள். ஒரு காலத்தில் போதைக் கடத்தல்காரன் ஒருவன் கையில் இருந்த திராட்சைத் தோட்டம். போதைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்கள் அதன் இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கிப் போராடினார்கள். 1995இல் அரசு கையகப்படுத்தியது, 2008இல் ஒரு கூட்டுறவு பொதேகா ஏலத்தில் எடுத்தது. இந்தக் கதையைக் கேட்டபின் குடிக்காதவருக்கும் அங்கே நிற்க ஒரு காரணம் இருக்கும்.

நடைமுறை விஷயங்கள். பொதேகாவுக்கு முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள், செப்டம்பரில் அறுப்பு வேலையில் பலர் கதவே திறக்க மாட்டார்கள். ஞாயிறு மதியமும் திங்களும் நம்ப முடியாத நாட்கள். நாளுக்கு இரண்டு போதும், காலை ஒன்று மாலை ஒன்று. நடுவில் சாப்பாடு: இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் சரி, நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் இரவு எட்டரை வரை சோறு கிடைக்காது. மனைவி சைவம் என்றால் பத்ரோன் மிளகாய் வறுவல், முட்டை ஓகே என்றால் உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட், டோர்டீயா என்பார்கள். கலிசிய சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மாட்ரிட்டிலிருந்து கலிசியாவின் தலைநகர் சாந்தியாகோவுக்கு அதிவேக ரயில் மூன்று மணி நேரம் சொச்சம், அங்கிருந்து வாடகைக் கார். போர்ட்டோ வழியாக வந்தால் எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறை ஒட்டி கம்பாதோஸில் அல்பரீன்யோ திருவிழா, அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் குடிக்காதவர் என்பது, ஓட்டத் தெரிந்தவராக இருந்தால், பெரிய அதிர்ஷ்டம். சர்வதேச லைசென்ஸை ஊரிலிருந்தே அவர் பெயரில் எடுத்து வாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு அடங்கும். மூன்றாவதை வாங்கிவிட்டு விமான நிலையத்தில் தர்க்கம் பண்ணாதீர்கள், கலிசியாவிலேயே ஒரு தட்டு மஸ்ஸலோடு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.