ஜனவரியில் பார்த்த கடல்

கேள்வி: எனக்கு 60 வயது. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 57. மகன் மெல்போர்னில், மகள் சென்னையில். நாங்கள் இருவர் மட்டும் கோவையில். கடந்த ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், கத்தா கடற்கரையில் பத்து நாள் தங்கினோம். அந்தக் கடலை மறக்க முடியவில்லை. மிச்ச காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்று தோன்றுகிறது. நண்பர் ஒருவர் வியட்நாமின் டா நாங் மலிவு என்கிறார். மனைவி, போவதானால் பினாங்கு போகலாம் என்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் தயக்கம்தான், பழகிவிடுவாள். மாதம் 70 ஆயிரம் பென்ஷன், கையில் 80 லட்சம் சேமிப்பு. புக்கெட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லித் தரகர் அவசரப்படுத்துகிறார். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: நீங்கள் பார்த்தது ஜனவரிக் கடல். புக்கெட்டின் மேற்குக் கரைக்கு அதுதான் ஆண்டின் மிக நல்ல மாதம். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை அடங்கியிருக்கும், தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று திரும்பியதும் அதே கத்தாவில் சிவப்புக்கொடி ஏறிவிடும். அக்டோபர் வரை பல நாள் கடலில் கால் வைக்கக்கூட விடமாட்டார்கள். மேலே சாதுவாகத் தெரியும் தண்ணீர் அடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். விடுமுறைக்குப் போகிறவர் நல்ல மாதம் பார்த்துப் போகலாம். குடியிருக்கப் போகிறவருக்குப் பன்னிரண்டு மாதமும் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஊரையும் அதன் மோசமான மாதத்தில் பாருங்கள். புக்கெட் என்றால் செப்டம்பர். டா நாங் என்றால் அக்டோபர், நவம்பர். அங்கே புயலும் வெள்ளமும் அப்போதுதான்.

டா நாங்கை இங்கேயே முடித்துவிடலாம். கடற்கரை அழகு, செலவும் குறைவு, நண்பர் சொன்னது சரி. ஆனால் வியட்நாமில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று தனி விசா கிடையாது. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா தருகிறார்கள். அது முடிந்தால் வெளியே போய் மறுபடி வரவேண்டும். அறுபது வயதுக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுவதைக் குடியிருப்பு என்று எப்படிச் சொல்வது?

பினாங்கில் நான் வேலை நிமித்தமாக ஐந்து வருஷம் இருந்தேன். அந்த ஊர்மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே கடைக்குப் போய்வரலாம். தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு ஊரே திரளும். நல்ல மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நீங்கள் கத்தாவில் பார்த்த நீலம் கிடைக்காது. மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், ஜெல்லி மீனும் உண்டு. சில ஆண்டுகளில் சுமாத்ராவில் காடு எரியும் புகை வாரக்கணக்கில் வந்து மூடும்.

உங்களுக்கு உண்மையான தடை பணம்தான். மலேசியாவின் ‘மை செகண்ட் ஹோம்’ திட்டத்தில் 2024 விதிப்படி பொதுப் பிரிவுகளில் கீழ்ப்படியான சில்வருக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். இரண்டும் தனித்தனியே ஒரு கோடியைத் தாண்டும். 80 லட்சத்தில் முடியாது. ஆனால் இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாமல் தங்க அனுமதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, தாய்லாந்து. 50 வயது தாண்டியவருக்கு ஓய்வுக்கால விசா உண்டு. அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். உங்கள் பென்ஷன் அதற்குப் போதாது, ஆகவே வைப்புத்தொகைதான் எளிய வழி. நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். புதுப்பிக்கும் சமயத்தில் முழுத்தொகையும், மற்ற மாதங்களில் 4 லட்சம் பாட்டுக்குக் குறையாமலும் கணக்கில் கிடக்க வேண்டும். அதாவது அந்தப் பணம் உங்களுடையது, ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. தொடர்ந்து அங்கேயே இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும். மகளைப் பார்க்கச் சென்னை வருவதானால் கிளம்புமுன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். வாங்காமல் விமானம் ஏறினால் வருட விசாவே ரத்தாகிவிடும். அவசரத்தில் கிளம்பும்போதுதான் இதை மறப்பார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. மனைவியை உங்கள் விசாவைச் சார்ந்தவராகப் பதிந்தால் செலவு மிச்சம். ஆனால் உங்களுக்கு ஒன்று ஆனால், அவர் அங்கே தங்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை நீதிமன்றம் வழியாகத்தான் திறக்க முடியும். மொழி தெரியாத ஊரில், அந்த நிலையில், தனியாக. அவருக்கும் 57 வயது, தனி விசாவுக்குத் தகுதி இருக்கிறது. இன்னொரு 8 லட்சம் பாட் போனாலும் தனியாகவே எடுங்கள். இருவரும் தாய்லாந்து சட்டப்படி உயில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் மனைவி இரண்டே வரியில் வருகிறார். ‘பழகிவிடுவாள்’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். நீங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் என்ன செய்வார்? கோவையில் பூக்காரம்மா வருவார், எதிர்வீட்டில் பேச ஆள் இருக்கும், வெள்ளிக்கிழமை கோயில் இருக்கும். அங்கே பக்கத்து வீட்டில் மாதத்துக்கு ஒரு குடும்பம் மாறும். மெனுவையே படிக்க முடியாது. சைவம் என்றால் ‘ஜே’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளாமல் எதையும் சாப்பிட முடியாது, காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு இருக்கும். அவர் பினாங்கு என்று சொன்னதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசிப் பழக ஆட்கள் வேண்டும் என்பதைத்தான் அவர் ஊர்ப்பெயராகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

தாய்லாந்துதான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், புக்கெட்டைவிட ஹுவாஹின் உங்களுக்குப் பொருந்தும். பாங்காக்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், ரயிலிலேயே போகலாம். 1920-களில் அரசர் அங்கே கோடை அரண்மனை கட்டியதிலிருந்து பாங்காக் குடும்பங்கள் போய்வரும் ஊர். வெளிநாட்டு ஓய்வூதியர்களும் நிறைய. கடல் அத்தனை நீலமில்லை. ஆனால் சமதளம், நடக்கலாம். புக்கெட்டில் மேடு பள்ளம் அதிகம், பேருந்து குறைவு, டாக்சி விலை அதிகம். கடைசியில் ஸ்கூட்டர் எடுப்பீர்கள். அறுபது வயதில் அந்தச் சாலைகளில் அது வேண்டாம். இருசக்கர உரிமம் முறையாக இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கும். காப்பீட்டை இப்போதே விசாரியுங்கள். இருவரில் யாருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் பாலிசி என்ன விலைக்குக் கிடைக்கிறது, எதை விலக்குகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

வருமான வரி: தாய்லாந்தில் ஒரு வருஷத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே வரிக் குடியிருப்பாளர். 2024 முதல் வெளிநாட்டில் சம்பாதித்து அங்கே கொண்டுவரும் பணமும் கணக்கில் வரும். இரு நாட்டு வரி ஒப்பந்தமும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். பணம் அனுப்பும் வரம்பு, கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்கு) ஆக்குவதெல்லாம் வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீடு இப்போது வேண்டாம். அங்கே வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியிலும் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்தக் கட்டடத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று தரகர் எழுதிக் கொடுத்தாரா? இல்லையென்றால் அவர் விற்பது 30 வருஷக் குத்தகையாக இருக்கலாம். அப்புறம், கடலைப் பார்த்த வீடு என்று ஆசைப்பட்டு நானும் பினாங்கில் வாடகைக்கு எடுத்தேன். இரண்டே வருஷத்தில் உப்புக்காற்று ஏ.சி.யின் வெளிப்பெட்டியை அரித்துவிட்டது. ஜன்னல் கீல், ஃபிரிட்ஜின் பின்பக்கம், எல்லாம் துரு. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே வாடகைக்கு எடுங்கள். நடந்து போய்ப் பார்த்தாலும் கடல் அதே கடல்தான்.

தரகரிடம் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரும் செப்டம்பரில் பினாங்கில் 30 நாள், அங்கிருந்து நேரே ஹுவாஹினில் அக்டோபர் முழுதும், அதுதான் அங்கே மழை மாதம். ஓட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வீடாக எடுங்கள். எந்தத் தெருவில் எடுப்பது என்பதை மனைவி தேர்ந்தெடுக்கட்டும். நவம்பரில் திரும்பிவந்து எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த முறை கடிதத்தில் பாதியை அவர் எழுத வேண்டும்.