எஞ்சினைப் பெரிதாக்கியபின் ஸ்னோமொபைலின் கிளட்ச்சை எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் கேட்டது இது: பனியில் ஓட்டும் உங்கள் ஸ்னோமொபைலின் 800 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெரிய சிலிண்டரும் புதிய எக்ஸாஸ்ட் பைப்பும் போட்டிருக்கிறீர்கள். சத்தம் கூடியிருக்கிறது, வேகம் கூடவில்லை. ஒரு பெல்ட்டும் கருகிவிட்டது. கடைக்காரர் முழு கிளட்ச் கிட் வாங்கச் சொல்கிறார். வாங்குவதா, இருப்பதையே சரிசெய்வதா?

நானும் இதே வழியில் போய் இரண்டு பெல்ட்டுகளைப் பலி கொடுத்தவன். பெரிய சிலிண்டர் போட்ட முதல் நாள் வண்டியைப் பனியில் இறக்கி முழு த்ராட்டில் கொடுத்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் 8,600-ஐத் தொட்டது. ஒரே பெருமை. வண்டி என்னவோ பழைய வண்டி போலத்தான் நகர்ந்தது. என் பைப்புக்கு உச்ச சக்தி கிடைப்பது 8,000 சுற்றை ஒட்டித்தான் என்பதும், அதைத் தாண்டினால் இந்த வகை எஞ்சினில் சக்தி மளமளவென்று சரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முள் மேலே ஏறும்போது அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்னோமொபைலில் கியர் மாற்றும் வேலையைச் செய்வது இரண்டு கிளட்ச்சுகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் ஒரு பெல்ட்டும்தான். கியரில்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. எஞ்சினின் கிராங்க் முனையில் இருப்பதை முன் கிளட்ச் என்றும், பனியில் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக்கை ஓட்டும் பக்கம் இருப்பதைப் பின் கிளட்ச் என்றும் சொல்லிக்கொள்வோம். முன் கிளட்ச்சுக்குள் மூன்று எடைகள் கீலில் தொங்குகின்றன. சுற்றும் வேகத்தில் அவை வெளியே விரிந்து, நகரும் தட்டைத் தள்ளிப் பெல்ட்டை நெருக்குகின்றன. பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏற ஏற வண்டி உயர் கியருக்குப் போகிறது. ஒரு ஸ்பிரிங் இதைத் தடுக்கப் பார்க்கிறது. பின் கிளட்ச்சில் இன்னொரு ஸ்பிரிங்கும், சரிவாக வெட்டிய ஹீலிக்ஸ் என்ற உருளையும் இருக்கின்றன. முறுக்குவிசை கூடும்போது இந்த ஹீலிக்ஸ் பின்தட்டுகளை இறுக்கிப் பெல்ட்டைக் கீழ் கியரிலேயே பிடித்து வைக்கப் பார்க்கும்.

இப்போது எஞ்சினின் சக்தியைக் கூட்டிவிட்டீர்கள். பின்னால் பிடித்து இழுக்கும் விசையும் கூடிவிட்டது. முன்னால் இருக்கும் எடைகளோ பழையவை. அதே தள்ளுவிசையைத் தர அவை இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதனால் எஞ்சின் தன் உச்சத்தைத் தாண்டி ஓடுகிறது, பெல்ட் சரியாக ஏறுவதில்லை, போட்ட பணமெல்லாம் சத்தமாகப் போகிறது. கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் எத்தனை என்று தெரியாது. நீங்கள் அதனிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: முழு த்ராட்டிலில், புறப்பாடு முதல் உச்ச வேகம் வரை, எஞ்சினை அதன் உச்ச சக்திச் சுற்றிலேயே நிறுத்தி வை. அந்த ஒரு எண் என்ன என்பதைப் பைப் செய்தவரிடமோ, எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ கருவியின் வரைபடத்திலோ முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பைப்பை மாற்றியிருப்பதால் பழைய எண் இனி செல்லாது என்பதை மறக்க வேண்டாம்.

கிளட்ச்சில் கை வைக்கும் முன் எரிபொருள் கலவையைப் பாருங்கள். எஞ்சின் வெறுமனே கத்திக்கொண்டு ஓடும்போது அதன்மேல் முழுச் சுமை விழுவதில்லை. கிளட்ச் சரியாகி அதை 8,000-இல் பிடித்து வைத்த அன்றுதான் பிஸ்டனுக்கு உண்மையான சோதனை. கலவை மெலிந்திருந்தால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாவிட்டால், அன்றைக்கே பிஸ்டன் ஓட்டையாகும். அடுத்து, பழைய பாகங்களின் தேய்மானம். எடைகள் உரசும் ரோலர்களில் தட்டையான இடம் இருக்கிறதா, தண்டைத் தாங்கும் புஷ் ஆடுகிறதா, இரண்டு கிளட்ச்சுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களையும் விட்டுவிடாதீர்கள். கூடுதல் முறுக்குவிசையில் எஞ்சின் கொஞ்சம் திரும்பினாலே பெல்ட் கோணலாக ஓடும். தேய்ந்த கிளட்ச்சை டியூன் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இனி எடைகள். என் வண்டியில் இருந்தவை ஒவ்வொன்றும் 64 கிராம். விரியும் விசை சுற்றின் இருமடியைப் பொறுத்தது. 8,600-ஐ 8,000-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் ஏறத்தாழ 1.16 வரும். அதாவது 16 சதவீதம் கூடுதல் எடை, 74 கிராம். நடைமுறையில் சொல்லப்படும் கணக்கு, ஓர் எடைக்கு 2 கிராம் கூட்டினால் 100 முதல் 200 சுற்று குறையும் என்பது. இரண்டும் தொடக்கத்துக்குத்தான் உதவும். நான் முதலில் 4 கிராம் கூட்டினேன். முள் 8,300-க்கு இறங்கியது. இன்னொரு 4 கூட்டியதும் 8,050-இல் நின்றது. காகிதம் 74 என்றது, வண்டி 72 போதும் என்றது. கூட்டிய எடையை நான் நுனியில் போட்டிருந்தேன். கீலிலிருந்து தள்ளி இருக்கும் கிராமுக்கு வலு அதிகம்.

இந்த நுனி விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய எடைகளில் சாதாரணமாக இரண்டு மூன்று துளைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் சிறு திருகு போட்டு எடையைக் கூட்டலாம். கீலுக்கு அருகில் போட்டால் அதன் தாக்கம் புறப்பாட்டிலும் நடு வேகத்திலும் தெரியும். நுனியில் போட்டால் மேல் வேகத்தில் தெரியும். நடுவில் 8,000 நின்று, மேலே போகப் போக 8,300 என்று முள் ஏறினால் நுனியில் கூட்டுங்கள். புறப்பட்டதும் 7,600-க்கு அமுங்கி, பிறகு மெதுவாக ஏறி வந்தால் கீல் பக்கம் எடை அதிகம், அங்கே குறையுங்கள். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, வழியெல்லாம் அது என்ன செய்துகொண்டே போகிறது என்பதைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மூன்று எடைகளும் சமமாக இருக்க வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை இரண்டு எடைகள் 72.0 காட்ட, மூன்றாவது 72.4 காட்டியது. திருகை மாற்றினேன், அப்போதும் 72.4. கடைசியில் பார்த்தால் துளையின் அடியில் பழைய கிரீஸும் பெல்ட் தூளும் கலந்து கறுப்புக் களிம்பாக அடைந்து கிடந்தன. ஒரு குச்சியால் சுரண்டி எடுத்தேன், தராசு 72.0 என்றது. நிமிடத்துக்கு 8,000 முறை சுற்றும் பொருளில் அந்தக் களிம்பும் ஒரு பாரம்தான்.

ஸ்கி-டூ பிராண்டு வண்டி என்றால் இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதன் டிஆர்ஏ என்ற முன் கிளட்ச்சில் 1 முதல் 6 வரை திருப்பும் கிளிக்கர்கள் இருக்கும், ஒரு படிக்கு ஏறத்தாழ 200 சுற்று மாறும். எண்ணைக் குறைத்தால் சுற்று குறையும். மூன்றையும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும். கிளிக்கர் நுணுக்கச் சரிசெய்தலுக்கானது. 600 சுற்று தாண்டி ஓடும் எஞ்சினை அதை மட்டும் வைத்து அடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கிளட்ச்சில் எடையாக வேலை செய்யும் சிறு ஊசிகளின் (pin) எடையையும் கூட்ட வேண்டி வரும்.

எடை கூடியதும் ஒரு பக்கவிளைவு வரும்: வண்டி முன்பைவிடக் குறைந்த சுற்றிலேயே பெல்ட்டைப் பிடித்துப் புறப்படும். பெரிய எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றில் வலு இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், எனக்கு அது பிடித்தும் இருந்தது. புறப்படும்போது எஞ்சின் மூச்சுத் திணறினால் முன் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஸ்பிரிங்குகளில் 120/300 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் பெல்ட்டைப் பிடிக்கும் நிலையில் உள்ள விசை, இரண்டாவது முழுவதும் ஏறிய நிலையில் உள்ள விசை, இரண்டும் பவுண்டில். புறப்பாட்டுச் சுற்றை உயர்த்த முதல் எண்ணை மட்டும் கூட்டி, இரண்டாவதை அதே அளவில் வைத்திருக்கும் ஸ்பிரிங்காகப் பார்த்து எடுங்கள். இரண்டையும் கூட்டினால் மேல்வேகத்தில் சுற்று மறுபடி ஏறிவிடும், அதை அடக்க மறுபடி எடை கூட்டுவீர்கள். நான் செய்த முட்டாள்தனம் இதைவிடப் பெரியது. ஒரே மாலையில் எடை, ஸ்பிரிங், ஹீலிக்ஸ் மூன்றையும் மாற்றினேன். மறுநாள் வண்டி கெட்டுப்போயிருந்தது, எதனால் என்று சொல்லத்தான் வழியில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை உடனே குறித்து வையுங்கள்.

சோதனை ஓட்டத்தை ஒரே இடத்தில், ஒரே வகைப் பனியில் செய்யுங்கள். இறுகிய பனியில் சரியாக இருந்த வண்டி ஆழமான மென்பனியில் 200 சுற்று இறங்கிப் போகலாம், டிராக்கின்மேல் விழும் சுமை வேறு. நீங்கள் எந்தப் பனியில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அதற்கேற்ப அமைப்பதே சரி. கிளட்ச்சும் பெல்ட்டும் சூடேறும்வரை வரும் எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மலை ஏறுபவராக இருந்தால் உயரத்தையும் கவனியுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கீழே 72 கிராம் இழுத்த எஞ்சினுக்கு மேலே அது பாரமாகிவிடும். வண்டியைத் தாங்கியில் தூக்கி வைத்து, சுமையில்லாமல் டிராக்கைச் சுற்றவிட்டு டியூன் செய்ய முயலவே வேண்டாம். அதில் ஒன்றும் தெரியாது, டிராக்கில் ஒட்டிய பனிக்கட்டியோ ஆணியோ தெறித்தால் ஆளையே காயப்படுத்தும்.

பெல்ட் கடைசி வரை ஏறுகிறதா என்று பார்க்க ஒரு மார்க்கர் பேனா போதும். முன் கிளட்ச்சின் தட்டில் நடுவிலிருந்து வெளிவிளிம்பு வரை நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு முழு ஓட்டம் போய்விட்டு வந்து பாருங்கள். பெல்ட் உரசிய இடம் வரை கோடு அழிந்திருக்கும். என்னுடையதில் பழைய எடைகளோடு விளிம்புக்கு ஒரு விரல் அகலம் முன்னதாகவே கோடு நின்றிருந்தது. அந்த ஒரு விரல்தான் எனக்குக் கிடைக்காத உச்ச வேகம்.

பெல்ட் கருகியது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருகிய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் மினுமினுத்தால் அது வழுக்கியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் இடுப்புபோல் குறுகியிருந்தால் டிராக் உறைந்து நின்ற நிலையில் த்ராட்டில் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கும் டியூனிங்குக்கும் தொடர்பில்லை. வழுக்கியது எங்கே என்பதைச் சூடு சொல்லும். முழு ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, எல்லாம் அசையாமல் நின்றபின் மூடியைத் திறந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு கிளட்ச்சுகளின் தட்டுகளையும் அளந்து பாருங்கள். முன் கிளட்ச் அதிகம் சுட்டால் அங்கே பிடி போதவில்லை, பெரும்பாலும் எடை குறைவு. பின் கிளட்ச் அதிகம் சுட்டால் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹீலிக்ஸின் கோணம் அதிகம். புதுப் பெல்ட்டை முதல் 50 கிலோமீட்டருக்கு முழு த்ராட்டில் கொடுக்காமல் பதமாக ஓட்டுங்கள்.

ஹீலிக்ஸை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். கோணம் பெரிதானால் பெல்ட் வேகமாக உயர் கியருக்கு ஏறும், பிடி குறையும். கோணம் சிறிதானால் பிடி கூடும், த்ராட்டிலை விட்டு மறுபடி கொடுக்கும்போது வண்டி சட்டென்று கீழ் கியருக்கு இறங்கி எழும். மரங்களுக்கு நடுவே ஏறும்போது அரை நொடி த்ராட்டிலை விட்டுக் கொடுத்துப் பாருங்கள். முள் உடனே 8,000-க்குத் திரும்பினால் உங்கள் ஹீலிக்ஸை யாரும் தொட வேண்டியதில்லை. 7,300-இல் படுத்துக்கொண்டு எழ யோசித்தால் கோணத்தை 2 டிகிரி குறைக்கலாம், அல்லது கொஞ்சம் விறைப்பான பின் ஸ்பிரிங் போடலாம். இரண்டுமே முழு த்ராட்டில் சுற்றை உயர்த்தும், ஆகவே எடைக்குத் திரும்பி வந்து ஒன்றிரண்டு கிராம் கூட்ட வேண்டியிருக்கும்.

பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. முன் கிளட்ச்சின் மூடிக்குப் பின்னால் அமுங்கிய ஸ்பிரிங் காத்திருக்கிறது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுவதும் கழற்றாமல், எல்லாவற்றையும் சுற்றிவந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடியிலும் உடலிலும் உள்ள குறிகள் மாட்டும்போது நேராக வர வேண்டும், இல்லாவிட்டால் சமநிலை போய் அதிரும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள், பெல்ட் காப்பு மூடி இல்லாமலும் ஓட்டாதீர்கள். அறுந்த பெல்ட் ஹூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி கிட் வாங்குவதா என்ற கேள்வி. உங்கள் எஞ்சின் மாற்றம், உங்கள் உயரம், உங்கள் கியர் விகிதம் மூன்றையும் கேட்டுவிட்டு ஒருவர் கிட் தந்தால், அது நல்ல தொடக்கப் புள்ளி. எதையும் கேட்காமல் பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத்தான். அதிலிருந்த ஹீலிக்ஸும் பின் ஸ்பிரிங்கும் இன்றும் என் அலமாரியில்தான் இருக்கின்றன, கடைசியில் பயன்பட்டவை அந்த மூன்று எடைகளும் ஒரு முன் ஸ்பிரிங்கும் மட்டுமே. உங்களுக்கும் துளையுள்ள எடைகள் ஒரு செட்டும் ஒரு கைப்பிடியளவு திருகுகளும் போதும் என்றுதான் நினைக்கிறேன். இப்போதுள்ள எடைகளின் கிராம் அளவு, முன் ஸ்பிரிங்கின் இரண்டு எண்கள், முழு த்ராட்டிலில் முள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எத்தனை கிராமில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.